எலிக்கு வந்தது அம்மாவுக்கும் வருமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியதற்கே முதுகெலும்பில் முறிவு. எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிடும் அளவு) மைனஸ் 3.4. எலும்பை வளர்க்கும் டெரிபாராடைட் ஊசியைத் தினமும் போடச் சொல்கிறார் டாக்டர். அந்த மருந்தால் எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்ததாகப் படித்தேன். போடலாமா?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்த எலிகளுக்கு எவ்வளவு மருந்தை, எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அவை ஃபிஷர் 344 என்ற ஆய்வக இனம். ஆறேழு வாரக் குட்டியாக இருந்தபோதே ஊசியைத் தொடங்கி இரண்டு ஆண்டு வரை தினமும் போட்டார்கள். எலியின் ஆயுளே ஏறக்குறைய அவ்வளவுதான். அளவும் மனிதர்களுக்குக் கிடைப்பதைப் போல 3 முதல் 60 மடங்கு. போதாததற்கு, எலியின் எலும்பு வயதான பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். நமக்கு இருபதை ஒட்டி நின்றுவிடும். பின்னர் ஆறு மாத வயதான எலிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தபோது கட்டி வரவில்லை. சினைப்பை (ஓவரி) நீக்கிய குரங்குகளுக்கு 18 மாதம் கொடுத்தபோதும் வரவில்லை.

ஆனாலும் அன்று அந்த எலிகள் எல்லோரையும் பயமுறுத்தத்தான் செய்தன. முதுகெலும்பு முறிந்த 1,637 பெண்களிடம் நடந்துகொண்டிருந்த பெரிய சோதனையை அதனால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதற்குள் தெரிந்த பலனே கணிசமானது: மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 14 சதவீதம் பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு, தினமும் 20 மைக்ரோகிராம் மருந்து போட்டவர்களில் 5 சதவீதம். 2002-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டத்துடன் புற்றுநோய் எச்சரிக்கை இருந்தது. பல ஆண்டுகள் நோயாளிகளைக் கண்காணித்ததில் எலும்புப் புற்றுநோய் கூடியதாகத் தெரியாததால் 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இந்த மருந்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளின் ஹார்மோனின் ஒரு துண்டுதான் டெரிபாராடைட். அந்த ஹார்மோனின் வேலையோ, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் சேர்ப்பது! அது எப்படி எலும்பை வளர்க்கும்? சிறிய அளவில் கொடுத்தால் எலும்பு உருவாகிறது என்று எலிகளில் 1932-லேயே காட்டியவர் ஹான்ஸ் செல்யே. நாளெல்லாம் ரத்தத்தில் உயர்ந்தே இருந்தால் எலும்பு கரையும். ஒரு ஊசியில் ஏறிச் சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால், எலும்பு கட்டும் செல்கள் முதலில் விழித்துக்கொள்ளும். அதனால் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

2024-இல் வந்த சுண்டெலி ஆய்வைக் காட்டி, "புது ஹார்மோன் வரப்போகிறது, பொறுத்திருப்போம்" என்று யாராவது சொல்லலாம். பாலூட்டும் சுண்டெலியின் மூளையில் சுரக்கும் சிசிஎன்3 என்ற பொருள் வயதான சுண்டெலிகளின் எலும்பையும் வலுவாக்கியது. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் அது மருந்தாகும் வரை அம்மாவின் முதுகெலும்பு காத்திருக்காது.

சரி, போடலாமா? ஒரு முறை முறிந்துவிட்ட, இவ்வளவு குறைந்த டி-ஸ்கோர் உள்ளவருக்கு இது பொருத்தமான மருந்து என்பதே என் கருத்து. எலும்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தால், எலும்பில் புற்றுநோயோ, எலும்பு தாறுமாறாக வளரும் பேஜட் நோயோ இருந்தால், ரத்தத்தில் கால்சியம் கூடுதலாக இருந்தால் வேண்டாம். சிறுநீரகக் கல் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் சில நாள் ஊசி போட்டதும் தலைசுற்றலாம். உட்கார வைத்தே போடுங்கள். மருந்து இருக்கும் ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். திறந்து 28 நாள் ஆனால் மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பொதுவாக இரண்டு ஆண்டுடன் நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு வேறு மருந்து தொடராவிட்டால் சேர்ந்த எலும்பு மெல்லக் கரைந்துவிடும். எலும்பு கரைவதைத் தடுக்க அலெண்ட்ரோனேட் மாத்திரையா, ஆண்டுக்கொரு முறை ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப்பா என்று அடுத்த முறை போகும்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.