ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு ஏன் தள்ளாடுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு வயது 58. முடக்குவாதத்துக்காக எட்டு மாதமாகத் தினமும் பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் சாப்பிட்டுவந்தார். முகம் உப்பிவிட்டது என்று மூன்று நாள் முன்பு அவராகவே நிறுத்திவிட்டார். இப்போது ஒரே சோர்வு, குமட்டல், எழுந்து நின்றால் தலைசுற்றல். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்த வேண்டும் என்கிறார்களே, இது அடிமையாக்கும் மருந்தா?"

அடிமையாக்கும் மருந்து இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளை விட்டுவைக்கக் கூடாது. இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பெரும்பாலும் மாத்திரையை உடனே திரும்பத் தொடங்கச் சொல்வார். வாந்தி நிற்கவில்லை, மயக்கம் வருகிறது, பேச்சில் குழப்பம் தெரிகிறது என்றால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது, "எட்டு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டு, மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறார்" என்பதுதான். ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியும் சலைன் நீரும் அந்த நேரத்தில் உயிர் காக்கும்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, நோயைத் தாங்கும் சக்தி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அட்ரினல் தானாக அதைச் சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி, ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் சுரக்கும். அந்தப் பிட்யூட்டரிக்கும் மேலே, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து தூண்டுதல் வர வேண்டும்.

இந்த மேல்மட்டத் தூண்டுதல் எது என்று கண்டுபிடிக்க ஒரு தலைமுறையே உழைத்தது. கனடாவின் மன்ட்ரீலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-இல், குளிர், காயம் போன்ற பலவகைப் பாதிப்புகளுக்கு உடம்பு காட்டும் பொதுவான எதிர்வினையைப் பற்றி எழுதினார். அவரிடம் படித்தவர் ரோஜர் கில்லமன். 1955-இல் கில்லமன் குழுவும், தனியாக சாஃப்ரன், ஷாலி என்ற ஆய்வாளர்கள் இருவரும், ஆய்வகக் கண்ணாடியில் வைத்த பிட்யூட்டரித் திசு ஹைப்போதலாமஸ் சாறு பட்டதும் அதிக ஏசிடிஎச் விடுவதைக் காட்டினார்கள். ஆனால் அந்தப் பொருள் கைக்கு அகப்படவில்லை. கில்லமனும் ஷாலியும் வேறு ஹைப்போதலாமஸ் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்து 1977-இல் நோபல் பரிசு பெற்றார்கள். முதலில் தேடத் தொடங்கியது மட்டும் பாக்கி நின்றது.

அதை முடித்தவர் கில்லமனின் மாணவர் வைலி வேல். 1941-இல் டெக்சாஸில் பிறந்தவர், கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். எலியின் பிட்யூட்டரி செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்து, ஹைப்போதலாமஸ் சாற்றின் ஒவ்வொரு பகுதியையும் அவற்றின் மேல் விட்டு, வெளியே வரும் ஏசிடிஎச்சை அளப்பது அவருடைய வழி. வாசோபிரெசின் போன்ற வேறு பொருள்களும் ஏசிடிஎச்சைக் கொஞ்சம் தூண்டுவதால், இதில் ஏமாறுவது சுலபம். சுமார் 4,90,000 செம்மறியாட்டு ஹைப்போதலாமஸ் துண்டுகளிலிருந்து, 41 அமினோ அமிலங்கள் கொண்ட சிஆர்எஃப் என்ற அந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்து, வேலும் அவர் குழுவினரும் 1981-இல் அறிவித்தார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்புதான்.

உங்கள் அம்மாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அதே தட்டில் தெரிந்த இன்னொரு விஷயம். செல்களுக்கு முதலிலேயே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துவிட்டால், சிஆர்எஃப் விட்டாலும் அவை முன்போல ஏசிடிஎச் சுரப்பதில்லை. மாத்திரையும் இதைத்தான் செய்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் அடங்கிவிடும். ஏசிடிஎச் வராததால் அட்ரினலும் சுருங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சொந்தமாகச் சுரக்க ஆள் இல்லை. மீளும்போதும் பிட்யூட்டரிதான் முதலில் விழிக்கும், அட்ரினல் பின்தங்கும். சிலருக்குப் பல மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம்.

அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம், உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய சமம். அந்த அளவுக்கு வரும்வரை ஓரளவு வேகமாகக் குறைக்கலாம். அதற்குக் கீழே போகும்போதுதான் நிதானம் வேண்டும். எத்தனை வாரம், எவ்வளவு என்பதை மூட்டுவலியின் நிலையையும் பார்த்து அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். முகம் உப்பியது அளவு குறையக் குறைய வடியும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தக் கவலையைக் காது கொடுத்துக் கேட்காமல் விட்டால் மறுபடியும் நிறுத்திவிடுவார்.

குறைக்கும் காலத்தில் காய்ச்சல், பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை எது வந்தாலும் ஸ்டீராய்டு அளவைத் தற்காலிகமாகக் கூட்ட வேண்டியிருக்கும்; முன்கூட்டியே கேட்டுவையுங்கள். "ஸ்டீராய்டு எடுத்துவருகிறார்" என்று ஒரு சீட்டு அவர் பர்ஸில் இருக்கட்டும். மூட்டுவலிக்கு என்று பெயர் இல்லாமல் மடித்துக் கொடுக்கும் பொடி மருந்து எதையும் வாங்க வேண்டாம், அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

5 மில்லிகிராமுக்கு வந்தபிறகு, காலை எட்டு மணி வாக்கில் கார்டிசால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். முந்தைய நாள் காலை மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிரெட்னிசோலோனையே கார்டிசால் என்று கருவி தவறாகக் காட்டிவிடலாம். அன்றைய மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த உடனே சாப்பிடச் சொல்லுங்கள்.