அட்டையில் வராத வசனங்கள்

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டம் நிறைகிறது. புதன்கிழமை வேதபாடம் நடத்துகிறோம், பிள்ளைகளுக்கு வசனப் போட்டி வைக்கிறோம். ஆனாலும் கேட்ட வசனத்தின்படி நடக்கிற சபையாக நாங்கள் மாறவில்லை. ஜனங்களைக் கீழ்ப்படிய வைக்க என்ன செய்யலாம்?
– சபைக் கமிட்டி உறுப்பினர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் கமிட்டி கீழ்ப்படியட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

புதுவருஷ ஆராதனை முடிந்ததும் தட்டு நிறைய, ஆளுக்கொரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகள் வரும். ஆளுக்கொன்று எடுப்போம். ஆசீர்வதிப்பேன், பயப்படாதே, கைவிட மாட்டேன் என்றுதான் இருக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிற லேவியராகமம் 19:13 யார் கையிலாவது வந்ததுண்டா? அச்சடிக்கிறவர் போட மாட்டார், போட்டால் விற்காது. அட்டையைக் குறை சொல்லவில்லை, என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் வருஷம் முழுக்க வேதத்தையே அட்டை எடுப்பதுபோலத்தான் கேட்கிறோம். எனக்கு என்ன கிடைக்கும் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக. சபையாகச் சேர்ந்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நெகேமியா 8-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் தண்ணீர் வாசலுக்கு முன்னால் வேதபாரகர் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை மோசேயின் நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஆலய ஊழியக்காரரான லேவியர் அர்த்தம் சொல்கிறார்கள். ஜனங்கள் அழுகிறார்கள். நம் கன்வென்ஷனாக இருந்தால் அந்தக் கண்ணீரோடு, 'எழுப்புதல் வந்தது' என்று அறிக்கை எழுதி முடித்திருப்போம். அங்கே அழுகையை நிறுத்தச் சொல்கிறார்கள். போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். மறுநாள் வம்சத் தலைவர்கள் திரும்ப வந்து உட்காருகிறார்கள். நம் கணக்குப்படி அதுதான் கமிட்டி. கூடாரப் பண்டிகையைப் பற்றிய கட்டளை கண்ணில் படுகிறது. அப்புறம் ஊரே மலைக்குப் போய் ஒலிவக்கிளை, பேரீச்சமட்டை எல்லாம் வெட்டிவந்து மொட்டைமாடியிலும் முற்றத்திலும் கூடாரம் போடுகிறது. இத்தனைக்கும் யோசுவா காலத்துக்குப் பிறகு அப்படிச் செய்ததே கிடையாதாம். முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் தலைவர்கள், அதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் சபைக்கு வருவோம். கோயில்பிள்ளைக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்? எந்தத் தேதியில்? மணியடிக்க, பெஞ்சு துடைக்க, மின்விசிறியைப் போட, கடைசியில் கதவு பூட்ட அவர்தான். புது ஸ்பீக்கருக்குக் கையெழுத்து ஒரே கூட்டத்தில் விழுகிறது, அவர் சம்பள உயர்வு மட்டும் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போகிறது என்றால், லேவியராகமம் 19 பற்றி ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைத்து என்ன பிரயோஜனம்? ஜனங்கள் பிரசங்கத்தை மட்டுமா கேட்கிறார்கள்? வரவுசெலவு அறிக்கையையும் வாசிக்கிறார்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 1745-ல் புதுச்சேரித் தேவாலயத்துக்குள்ளே, ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்து உட்காரவைக்கச் சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் வேலைபார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அத்தோடு சாதி கோயிலை விட்டுப் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை, நம் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சுவருக்கு இந்தப் பக்கம் வசதியாக உட்கார்ந்தவர்களுக்கு எத்தனை பூசை கேட்டும் அந்தச் சுவர் உறுத்தவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத்தான் உறுத்தியது.

ஆகவே புதன்கிழமை வேதபாடத்தை ஆயரின் இரண்டாவது பிரசங்கமாக்காதீர்கள். ஒரு பகுதியைச் சத்தமாக இரண்டு தடவை வாசியுங்கள். படிக்கத் தெரியாத ஒரு பாட்டி அதைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லட்டும். ஆயர் கடைசியில் பேசட்டும், அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். முதலில் பின்பெஞ்சுக்காரர்கள் பேசட்டும்: முதுநகரில் மீன் விற்கிறவர், சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர், மீட்டர் வட்டியில் மாட்டிக்கொண்டவர். இதன்படி சபையாக நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஒரே ஒரு காரியத்தை முடிவுசெய்து நோட்டில் எழுதுங்கள். அடுத்த புதன் அந்த நோட்டைத் திறந்து, செய்தோமா என்று கேட்ட பிறகே புது அதிகாரம். செய்யவில்லையா, பழைய பகுதியையே திரும்ப வாசியுங்கள். ஒரே அதிகாரத்தில் ஆறு மாதம் நின்றாலும் பரவாயில்லை, வேதம் எங்கேயும் ஓடிப்போகாது. வசனப் போட்டிக்கு எவர்சில்வர் தட்டு கொடுப்பதை நிறுத்த வேண்டாம், பிள்ளைகள் பாவம்.

ஆரம்பிக்க யாக்கோபு 2 வையுங்கள். மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்கு உடைக்காரருக்குக் காலடி என்று வருகிற பகுதி. உங்கள் முன்வரிசை நாற்காலிகளில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று அன்றைக்கு யாராவது கேட்பார்கள். கேட்டவரைக் கமிட்டி என்ன செய்தது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.