இரவில் சாவி யாரிடம்?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, பக்கவாதம் வந்தபின் நடக்க முடியாது. ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் முதல் மாடியில் இருக்கிறார். இரவு 9 மணிக்கு மாடிப்படி கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால், "மறதி உள்ளவங்க வெளியே போயிடுறாங்க மேடம், தீயணைப்புக் கருவியெல்லாம் மாட்டியிருக்கோம்" என்கிறார்கள். இது சரியா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: சரியே இல்லை. அவர்கள் சொல்லும் காரணம் உண்மைதான், மறதி நோய் உள்ளவர்கள் நடுராத்திரியில் எழுந்து போய்விடுவதுண்டு. ஆனால் ஏர்வாடி மனநலக் காப்பகத்திலும் நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்றுதான் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் கொட்டகை பற்றிக்கொண்டபோது 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் கருகிப்போனார்கள். கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில், மேல் மாடிகளில் படுத்திருந்த நோயாளிகளில் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. எழுந்து நடக்க முடியாதவருக்குப் புகை வந்தால் கிடைப்பது சில நிமிடம்தான், அதில் வாட்ச்மேனைத் தேடிச் சாவி வாங்கி வர முடியுமா?

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லத்தைச் சாதாரண வீடாகக் கருதவில்லை, மருத்துவமனை இருக்கும் பிரிவிலேயே வைத்திருக்கிறது. வெளியேறும் கதவை உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும், அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. மறதி உள்ளவர்களுக்காக என்றால் கதவு திறந்ததும் அலறும் மணியை வைக்கலாம், இரவில் விழித்திருக்கும் ஆளைப் போடலாம். செலவுதான், ஆனாலும் பூட்டு அதற்கு மாற்று ஆகாது.

அடுத்த முறை ஒரு இஞ்ச் டேப் கொண்டுபோய், அம்மாவின் கட்டில் அறைக் கதவு வழியாக வெளியே வருமா என்று அளந்து பாருங்கள். சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரில் முள் பச்சையில் நிற்கிறதா, அட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று பாருங்கள். அப்புறம் மேனேஜரை விட்டுவிட்டு, இரவு வேலைக்கு வரும் பெண்ணிடம் கேளுங்கள்: "தீப்பிடித்தால் எங்கம்மாவை எப்படி இறக்குவாய்?" பெட்ஷீட்டோடு தரையில் இழுத்துக்கொண்டு போவதை ஒரு தடவையாவது செய்து பார்த்திருந்தால் உடனே சொல்வார். தயங்கினால் அங்கே ஒத்திகையே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் முதியோர் உதவி எண் 14567-க்குச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அதுவரை அம்மாவைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், இன்றைக்கே.

கேள்வி: வாடகை வீட்டில் 12 முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். சின்ன இடம்தானே, எங்களுக்கும் இதெல்லாம் வேண்டுமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டும். முதலில் மாடிப்படிக்குக் கீழே பாருங்கள்: இன்வெர்ட்டர் பேட்டரியும், அதை ஒட்டிப் பழைய மெத்தைகளும் அடுக்கியிருந்தால் இன்றே அகற்றுங்கள், தீப்பிடித்தால் இறங்கும் வழியே புகைபோக்கி ஆகிவிடும். கேஸ் சிலிண்டரை வெளியே வைத்துக் குழாய் இழுங்கள். நடக்க முடியாதவர்கள் யாரும் மாடியில் வேண்டாம். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் போய்க் கேளுங்கள், வந்து ஒத்திகை செய்துகாட்டுவார்கள். அன்று சமையல்காரம்மாவையும் கூடவே நிற்கச் சொல்லுங்கள்.