நெறிக்கட்டி வரை பரவிவிட்டது என்றால் ஆபரேஷனே கிடையாதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீரில் இரத்தம் வந்ததால் கட்டியைச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய், தசைக்குள் இறங்கியிருக்கிறது என்று முடிவு வந்தது. சி.டி. ஸ்கேனில் இடுப்புக்குள் இரண்டு நெறிக்கட்டிகள், வலது கிட்னியில் வீக்கம். கிட்னி தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் 1.8. டாக்டர் முதலில் கீமோ என்கிறார். ‘ஆபரேஷன் பண்ண முடியாதுன்னு கைவிட்டுட்டாங்க’ என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அப்பாவிடம் இன்னும் நோயின் பெயரைச் சொல்லவில்லை.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைவிடவில்லை அம்மா. நெறிக்கட்டி வரை வந்த நோயில், கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறெங்காவதும் போயிருக்கலாம். முதலிலேயே சிறுநீர்ப்பையை எடுத்தால் அவை அப்படியே இருக்கும். காயம் ஆறும்வரை கீமோவும் தள்ளிப்போகும். அதனால்தான் மருந்து முதலில். மூன்று, நான்கு சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுப்பார்கள். நெறிக்கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தால், பையையும் இடுப்பு நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பது பற்றியோ, ரேடியேஷன் பற்றியோ பேசலாம். இடுப்போடு நிற்கும் இந்த நிலையை 2018 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாட்டில் மூன்றாம் கட்டம் என்றே வைத்திருக்கிறார்கள். நான்காவது அல்ல.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது கிரியாட்டினினில்தான். இந்த நோய்க்குப் பல வருடங்களாகக் கைகொடுக்கும் மருந்து சிஸ்பிளாட்டின்; ஜெம்சிடபினோடு சேர்த்துத் தருவார்கள். அது கிட்னியைப் பாதிக்கும். கிட்னி நிமிடத்துக்குச் சுமார் 60 மி.லி. வடிகட்டினால்தான் முழு அளவில் தைரியமாகத் தரலாம். முடியாவிட்டால் கார்போபிளாட்டின் என்று மாற்றுவார்கள், ஆனால் அதன் பலன் குறைவு. அப்பாவுக்குக் கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் குழாயைக் கட்டி அடைத்து கிட்னி வீங்கியிருந்தால், உள்ளே ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தோ முதுகு வழியாகக் குழாய் போட்டோ சிறுநீரை வெளியேற்றலாம். பல நேரம் கிரியாட்டினின் இறங்கும். ‘அடைப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தை முடிவு செய்யலாமா?’ என்று கேளுங்கள். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபிக்க மாட்டார். வலி மாத்திரை எதையும் கடையில் நீங்களாக வாங்கித் தராதீர்கள். அவற்றில் பலவும் கிட்னிக்குக் கெடுதல்.

புது மருந்தும் உண்டு: என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் ஜோடி. முற்றிய நோயில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பழைய கீமோவில் பாதிப் பேர் 16 மாதங்களைத் தாண்டி உயிரோடிருந்தார்கள்; இதில் பாதிப் பேர் 31 மாதங்களைத் தாண்டினார்கள். கிட்னி சுமாராக இருந்தாலும் தரலாம். ஆனால் விலை லட்சங்களில் ஓடும். சர்க்கரையை ஏற்றும், கால் மரத்துப்போகும், தோலில் தடிப்பு வரும். வீட்டை விற்று வாங்குவதற்கு முன் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற இடத்தில் இன்னொரு கருத்து கேளுங்கள். சிஸ்பிளாட்டின் அவ்வளவு விலையில்லை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீர்ப்பையை எடுத்தால் வயிற்றில் ஒரு துளை வைத்து, வெளியே சிறுநீர் சேரும் பை ஒட்டிக்கொண்டுதான் பலரும் வாழ்கிறார்கள். அதைத் தினமும் பராமரிக்கப்போகிறவர் அவர். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அவருக்குத் தெரிந்தால் மறுத்துவிடுவார்; அப்படிக் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்துவதையும் அப்போதே பேசிவிடுங்கள்.