50 படுக்கை மருத்துவமனையில் முதலில் எதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது?

உங்கள் ஊரில் நடத்தும் 50 படுக்கை மருத்துவமனையை டிஜிட்டல் ஆக்கப்போவதாகவும், நோயாளிகளின் பாதுகாப்புக்கு முதலில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: கைப்பட்டை அச்சடிக்கும் பிரிண்டரும், கட்டில் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்தும் பார்கோடு ஸ்கேனரும். பில்லிங் அப்புறம் வரட்டும்.

ஏன் என்று சொல்ல ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆண்கள் வார்டில் இரண்டு முருகேசன்கள், அடுத்தடுத்த கட்டில். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்குக் காய்ச்சல். எட்டு மணிக்கு, சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினை எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனேன். “முருகேசன் அய்யாதானே?” என்று கேட்டேன். அரைமயக்கத்தில் தலையை ஆட்டினார். சட்டையை விலக்கி வயிற்றில் பஞ்சு வைத்துத் துடைத்தும்விட்டேன். சோறு பிசைந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து, “ஏம்மா, இவருக்குத்தான் சக்கரையே கெடையாதே?” என்றார். சாயந்தரம் ஃபேன் காற்று வரவில்லை என்று இருவரும் கட்டிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சார்ட்டில் யாரும் மாற்றவில்லை. அந்த அம்மா அந்த நேரம் கை கழுவப் போயிருந்தால் ஊசி உள்ளே போயிருக்கும். சர்க்கரை சட்டென்று இறங்கினால் நினைவு தப்பும். காய்ச்சல் மயக்கம் என்றே நாங்கள் நினைத்திருப்போம்.

பிறகு வேறொரு மருத்துவமனையில் ஸ்கேனரோடு வேலை பார்த்தேன். நோயாளியின் கைப்பட்டையைக் காட்டு, மருந்தைக் காட்டு; ஆள், மருந்து, அளவு, நேரம் ஒத்துப்போகவில்லை என்றால் திரை சிவக்கும். கட்டில் மாறினால் மாறட்டும், கைப்பட்டை ஆளோடுதான் போகும். இந்த யோசனையைக் கொடுத்ததும் ஒரு நர்ஸ்தான். அமெரிக்காவில் டொபீகா நகரத்து முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் இருந்த சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்தவர் கையடக்கக் கருவியால் காரை ஸ்கேன் செய்வதைப் பார்த்து, இதை நாம் வார்டில் செய்தால் என்ன என்று கேட்டார். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இந்த ஸ்கேனர் முறையைப் பற்றிச் செய்த ஆய்வு 2010-ல் வந்தது. மருந்து கொடுப்பதில் நேரம் தவறுவதை விட்டுவிட்டு மற்ற பிழைகளை மட்டும் பார்த்தால், 11.5 சதவீதத்திலிருந்து 6.8-க்கு இறங்கியிருந்தது. டாக்டர் எழுதியதைப் பார்த்துச் சார்ட்டில் எழுதும்போது வரும் பிழை 6.1 சதவீதமாக இருந்தது அடியோடு போய்விட்டது. ராத்திரி டியூட்டியில் கண் சொருகச் சொருக சார்ட் காப்பி பண்ணியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. குளித்ததும் கைப்பட்டை எழுத்து அழியும். வைஃபை அறுந்துபோகும். பேட்டரி நடுராத்திரியில் செத்துப்போகும். முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் இருக்கும்போது கேஸ் ஷீட்டில் ஒட்டிய உபரி ஸ்டிக்கரை ஸ்கேன் செய்துவிட்டு மருந்தைக் கொடுத்துவிடுவோம். நானும் செய்திருக்கிறேன். அப்போது திரை பச்சையாகத்தான் இருக்கும், எதிரில் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அமெரிக்க மருத்துவமனைகளில் 2008-ல் ஆராய்ந்து, இப்படி 15 வகைக் குறுக்குவழிகளைக் கண்டுபிடித்தார்கள். நிலைப்படியில்கூட நோயாளியின் பார்கோடை ஒட்டி வைத்திருந்தார்களாம். காரணங்கள் 31, நனைந்த கைப்பட்டையும் பேட்டரியும் வைஃபையும் அதிலும் இருந்தன. அதனால் உபரி பேட்டரியும் தண்ணீர் படாத கைப்பட்டையும் முதல் நாளே பட்ஜெட்டில் இருக்கட்டும். ஃபார்மசியில் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை கொடுத்தால் அந்தத் துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் லேபிள் அச்சடிக்க அங்கே ஓர் ஆள் வேண்டும்.

இன்னொன்று, நம் பெயர்கள். பதிவு கவுண்டரில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஐ.டி. வாங்கிவிடுவார். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற எச்சரிக்கை பழைய ஐ.டி.யில் தூங்கும், புது ஐ.டி.யில் டாக்டர் அதையே எழுதுவார். போன் நம்பரை வைத்துத் தேடினால் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நம்பர். இனிஷியல், அப்பா அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி மூன்றையும் கேட்டுத் தேடிவிட்டுத்தான் புது ஐ.டி. போட வேண்டும் என்று கவுண்டரில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட் வார்டுக்கே வருவது, டிஸ்சார்ஜ் சீக்கிரம் முடிவது எல்லாம் நல்ல விஷயம்தான், எந்த மென்பொருளும் அதைத் தரும். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், விற்க வருகிறவரை உங்கள் ஏசி அறையில் டெமோ காட்டச் சொல்லாதீர்கள். ராத்திரி எட்டு மணி மருந்து நேரத்துக்கு வார்டுக்கு வரச் சொல்லுங்கள். ஸ்கேனரை உங்கள் ஸ்டாஃப் நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கட்டில் முடிய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.