கல்லைக் காப்பாற்றுகிறவர்கள்

அன்புள்ள சார்,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தின் ஹைலைட்ஸ் பார்த்தேன். ஐரோப்பாவில் தார்ச்சாலைக்கா பஞ்சம்? கரடுமுரடான கல் சாலையில் ஓடவிட்டு ஆட்களை விழவைப்பது குரூரம் இல்லையா? அப்புறம், அங்கே ஜெயித்தவர்களில் யார் பெரியவர்?

ம., கோவை

அன்புள்ள ம.,

யார் பெரியவர் என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. ரோஜர் டி விளாமிங்க், டாம் போனன் இருவரும் தலா 4 முறை ஜெயித்தார்கள். அது போதும்.

ஆனால் 'குரூரம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதை விட மனமில்லை. கொஞ்ச நாளாக அந்தக் கற்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

1896-ல் ரூபே நகரத்து ஜவுளி ஆலை முதலாளிகள் இருவர், தாங்கள் கட்டிய சைக்கிள் மைதானத்தை ஊரறியச் செய்யத் தொடங்கிய பந்தயம் இது. யாரையும் வதைக்க அங்கே கல் பதிக்கவில்லை. அன்றைக்கு வட பிரான்ஸில் சாலையே அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் ஊராகத் தார் வந்தது. கல் சாலை டிவியில் தெரிந்தால் ஊருக்கே அவமானம் என்று மேயர்கள் நினைத்தார்கள். கல் குறையக் குறையப் பந்தயம் சுலபமாயிற்று. 1967-ல் ஒரு கூட்டமே சேர்ந்து வந்து எல்லைக்கோட்டில் முட்டிமோத, அமைப்பாளர்களுக்குத் தூக்கம் போயிற்று. மிச்சமிருக்கும் கல் சாலைகளைத் தேடி அமைப்பாளர்கள் தரப்பிலிருந்து ஆல்பர் பூவே கிளம்பினார். அவருக்கு ஆரன்பெர்க் காட்டுப் பாதையைச் சொன்னவர் ழான் ஸ்டாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, 1962-ன் உலக சாம்பியன். சிறு வயதில் அந்தப் பாதைக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர்.

அந்தப் பாதையில் நான் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லும் முதுகு உப்பிக் கிடக்கிறது. இடுக்கில் பாசி, புல். இரு கல்லுக்கு நடுவே என் செருப்பு நுனி சிக்கிக்கொண்டது. மரங்களுக்கு மேலே சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் தெரிகின்றன. 1998-ல் பந்தயத்தின்போது அங்கே விழுந்த பெல்ஜிய வீரர் யோஹன் மியூசியூவின் முழங்கால் சில்லு நொறுங்கி, காயம் அழுகி, காலையே எடுக்கும் நிலை வந்தது. 2000-ல் அவர் ஜெயித்தபோது அந்தக் காலைத் தூக்கி முழங்காலைச் சுட்டிக் காட்டினார். ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

தார் ஊற்றினால் ஆபத்து குறையும், சரி. ஆனால் 1983 முதல் 'பாரிஸ்–ரூபே நண்பர்கள்' என்ற சங்கத்தார் கூலி வாங்காமல் மண்டியிட்டு, பெயர்ந்த கல்லைக் கையால் எடுத்து, மணல் பரப்பித் திரும்பப் பதிக்கிறார்கள். பள்ளத்தை நிரப்பி, தேங்கும் நீருக்கு வழி வெட்டுகிறார்கள். ஓடுகிறவன் விழாமல் இருக்கத்தானே இந்தப் பாடு? எந்த மேயர் வெட்கப்பட்டாரோ அதே ஊர்க்காரர்கள் இன்று அந்தக் கல்லுக்குக் காவல் நிற்கிறார்கள். தங்கள் பாட்டன் வண்டி ஓட்டிய சாலை அது. ஜெயித்தவருக்குப் பரிசாகத் தருவதும் அப்படி ஒரு கல்லைத்தான். இதையெல்லாம் விசாரிக்காமல் குரூரம் என்று தீர்ப்பு எழுதுவது சோம்பேறித்தனம், தம்பி.

கோபப்படாதீர்கள், அக்கறை இருப்பதால்தான் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த ஏப்ரலில் ஹைலைட்ஸை விட்டுவிட்டு, ஆரன்பெர்க்கிலிருந்து கடைசிவரை நேரலையில் பாருங்கள். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். பார்த்துவிட்டு எழுதுங்கள்.