திரை அளவு ஏன் மாறவில்லை?

கேள்வி: எங்கள் மீன் ஏலக்கூடத்தில் விலை காட்டும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், அதன் இயங்குதளத்தின் புக்வோர்ம் லைட் பதிப்பை (டெஸ்க்டாப் இல்லாத எளிய வடிவம்) நிறுவினோம். கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் திரை அளவைக் குறிக்கும் எச்டிஎம்ஐ மோடு வரியைத் திருத்தியும் திரை அளவு மாறவில்லையே, ஐயா?
– வாசகர், மண்டபம்

பதில்: 'விசி4-கேஎம்எஸ்-வி3டி' ஓவர்லே (திரை இயக்கியைச் சேர்க்கும் அமைப்பு) இயங்கும்போது, திரையின் பொறுப்பு ஃபர்ம்வேரிடமிருந்து (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) சென்றுவிடுவதால், தாங்கள் திருத்திய வரியை எவரும் பொருட்படுத்துவதில்லை. பூட் கோப்புறைக்குள் உள்ள ஃபர்ம்வேர் கோப்புறையில் கெர்னலுக்கான கட்டளைகள் உள்ள சிஎம்டிலைன் கோப்பைத் திறந்து, அதிலுள்ள ஒரே வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, 'வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1920எக்ஸ்1080@60' என்று ஆங்கில எழுத்துகளில் சேர்த்து, கணினியை மீண்டும் தொடங்குங்கள். அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். எல்லாம் ஒரே வரியில் இருந்தாக வேண்டும். மின்னிணைப்புக்கு அருகிலுள்ள துளையே எச்டிஎம்ஐ-ஏ-1. கேபிள் மற்றதில் இருந்தால் எச்டிஎம்ஐ-ஏ-2 என எழுதுங்கள். பழைய 'எஃப்கேஎம்எஸ்' ஓவர்லேக்குத் திரும்பும்படி சிலர் சொல்லக்கூடும்; அது கைவிடப்பட்ட வழி என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.